அச்சும் வளையமும் உலோகமும்

காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைக் கண்டவர்கள் அதன் மூலைகளில் தொங்கும் கற்சங்கிலியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கல்லிலிருந்து செதுக்கி எடுத்த கண்ணிகள் அவை. ஒரு கண்ணியை அசைத்தால் அது தன் போக்கில் ஆடும். அடுத்த கண்ணியோடு அது ஒட்டியிருக்கவில்லை. ஆயினும் உடைத்தாலன்றி இரண்டும் பிரியா. பசையில்லை, ஆணியில்லை, பற்றவைப்பில்லை. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது அவற்றின் உருவமேயன்றி வேறன்று. இந்தச் சிற்பியின் வேலையை மூலக்கூறுகளின் அளவிலே செய்து, கோத்த வளையத்தின் நடுவில் ஓர் உலோக அணுவை அமர்த்தி, அதனிடம் வேலை வாங்கும் வித்தையொன்று சென்ற இருபது ஆண்டுகளாக ரஸாயன சாஸ்திரத்தில் வளர்ந்து வருகிறது. அரசியல் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று நமது நண்பர்கள் கேட்கலாம். இதில் நமது சர்க்காருக்கு ஒரு கடமை உண்டு. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்த பெரும்பாக்கத்திலுள்ள ஒரு ஸ்தாபனத்துக்கும் ஒரு கடமை உண்டு. அதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முதலில் விஷயம் இன்னதென்று விளக்க வேண்டும். ஒரு பொருள் மற்றொரு பொருளாக மாறும் வேலையைத் துரிதப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் திரும்பி வரும் பொருளை முன்னோர் கிரியாஊக்கி என்றார்கள்; இப்பொழுதைய பாடப்புத்தகங்கள் வினையூக்கி என்கின்றன. கலியாணத் தரகரைப் போன்றது அது. இரு வீட்டாரையும் சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். குடும்பத்தில் அவர் சேர்வதில்லை. இந்தத் தொழிலில் கைதேர்ந்தவை உலோகங்கள். மணலியில் 1969 முதல் நடந்து வரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இவையின்றி நடவாது. மருந்துத் தொழிற்சாலைகளில் ஒரு கரியணுவை மற்றொரு கரியணுவோடு கோக்கும் வேலையில் பெரும்பங்கு பல்லேடியத்தினுடையது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய மோட்டார் கார்களின் புகைக்குழாயில் ஒரு சாதனம் பொருத்த வேண்டுமென்று விதி வந்ததே, அதன் உள்ளே பூசியிருப்பவையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் மூன்று உலோகங்களே.

இம்மூன்றும் நமக்கு எங்கிருந்து வருகின்றன? உலகத்துப் பல்லேடியத்தில் பெரும்பகுதியை ருஷ்யாவும் தென்னாப்பிரிக்காவும் கையில் வைத்திருக்கின்றன. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்ட சில தினங்களுக்குள் அதன் விலை அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டிற்று. எங்கோ பீரங்கி வெடித்தால் ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் காரின் விலை ஏறுகிறது. நமது நாமக்கல் ஜில்லாவிலே சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டின இனத்து உலோகங்கள் இருப்பதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாறை இதுவரை நாட்டுக்கு உபயோகப்பட்டது வேறு விதத்தில். சந்திரயானத்துக்காகச் சந்திர மண்ணைப் போன்ற மண் செய்ய அதைப் பொடித்தார்கள்! ஆக, அரிய உலோகத்தைக் குறைவாகச் செலவிடுவதும், மலிவான செம்பு, நிக்கல், மாங்கனீசு முதலியவற்றை அரிய உலோகத்தின் வேலைக்குப் பழக்குவதும் இந்நாட்டுக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சியாகா.

உலோகம் தனியாக நின்றால் முரடன். எதைத் தொட வேண்டும், எதைத் தொடலாகாது என்ற விவேகம் அதற்கு இல்லை. அதைச் சுற்றி அணைத்திருக்கும் கரிமப் பொருள்தான் அதற்கு விவேகத்தைக் கொடுக்கிறது. உதாரணமாக, நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் எல்-டோபா என்னும் மருந்தைப் பார்ப்போம். அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல். மருந்தாவது அவற்றில் ஒன்றே. நம் வைத்தியர்கள் அறிந்த பூனைக்காலி விதையில் இயற்கை அந்த ஒன்றை மட்டும் செய்து வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் அதைச் செய்வதற்கு அமெரிக்க ரஸாயனி வில்லியம் நோல்ஸ் என்பவர், ரோடியத்தைச் சுற்றி ஒருகைப்பட்ட துணைப்பொருளை அமைத்தார். 2001-இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார். ரோடியம் எல்லோரிடமும் இருந்த ரோடியந்தான். அதற்கு அவர் கட்டிய வீடுதான் புதிது.

அந்த வீட்டைக் கட்டுவதற்கே இப்பொழுது கோத்த வளையங்களைக் கையாளுகிறார்கள். இதன் பூர்வோத்தரம் சுவையுள்ளது. 1960-இல் அமெரிக்காவில் வாஸர்மன் என்பவர் முதன்முதலாக இரு மூலக்கூறு வளையங்களைச் சங்கிலிக் கண்ணிகள்போலக் கோத்தார். அது தற்செயலை நம்பிச் செய்த காரியம். நீண்ட மூலக்கூறு ஒன்று, வட்டமாக மூடிக்கொள்ளும் தருணத்தில் மற்றொரு வளையத்தினூடே நுழைந்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. கிடைத்ததும் சொற்பத்திலும் சொற்பம். 1983-இல் பிரான்சு தேசத்து ஸ்திராஸ்பூர் நகரில் ழான்-பியேர் சோவாஜும் அவருடைய சகாக்களும் தற்செயலை ஒழித்தார்கள். செம்பு அயனி ஒன்றை நடுவில் நிறுத்தி, ஒரு வளையத்தையும் பிறைபோன்ற ஒரு துண்டையும் அதன் மீது குறுக்கிட்டு நிற்கும்படி செய்து, பிறகு பிறையின் நுனிகளை மூடினார்கள். நூற்றுக்கு 42 பங்கு கோத்த வளையங்கள் கிடைத்தன. வேலை முடிந்ததும் செம்பைக் கழற்றிவிட்டார்கள். சாரம் கட்டி மண்டபம் எழுப்பியபின் சாரத்தைப் பிரிப்பதுபோல.

1991-இல் எடின்பரோவில் பிறந்த பிரேசர் ஸ்டாட்டர்ட் வேறொரு உருவத்தைக் கொண்டு வந்தார். நீண்ட அச்சு ஒன்று. அதிலே மாட்டிய வளையம் ஒன்று. வளையம் கழன்று விழாதபடி அச்சின் இரு முனையிலும் பருத்த குமிழ்கள். வளையம் அச்சின்மேல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய் வந்தது. நமது மாட்டு வண்டிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சக்கரம், அச்சு, கடையாணி, அவ்வளவே. இதற்கு அவர்கள் வழங்கும் ரொட்டாக்ஸேன் என்னும் பெயரும் லத்தீன் மொழியில் சக்கரம், அச்சு என்ற இரு சொற்களின் சேர்க்கையே. கோத்த கண்ணிகளுக்குக் கேட்டனேன் என்று பெயர். அது சங்கிலி என்ற லத்தீன் சொல். சோவாஜ், ஸ்டாட்டர்ட், ஹாலந்து தேசத்து பெரிங்கா மூவரும் 2016-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஸ்டாட்டர்ட் 2024 டிசம்பரில் காலஞ்சென்றார்.

இதுவரை உலோகம் வளையத்துக்கு ஊழியம் செய்தது. அதன்பின் நிலை மாறி, வளையம் உலோகத்துக்கு ஊழியம் செய்யத் தொடங்கிற்று. இங்கேதான் நமக்கு அக்கறை பிறக்கிறது.

2003-இல் ஹாலந்தின் நைமேகன் நகரத்தார் ஒரு குழிந்த வளைய மூலக்கூற்றில் மாங்கனீசை அமர்த்தி, அதைச் செயற்கை ரப்பர் இழை ஒன்றில் மாட்டினார்கள். வளையத்தின் வெளிப்புறத்தை வேறொரு மூலக்கூறு அடைத்துக் கொண்டபடியால் வேலை உட்குழிவிலேயே நடந்தது. இழையிலுள்ள இரட்டைப் பிணைப்புகளுக்கு மாங்கனீசு ஆக்ஸிஜனை ஏற்றிற்று. நம் உடலில் மரபுப் பொருளாகிய நூலைக் கவ்விக்கொண்டு அதன் வழியே நகர்ந்து வேலை செய்யும் நொதிகளை இது ஒருவாறு ஒத்தது.

2006-இல் டேவிட் லீ என்பவரும் கூட்டாளிகளும் செம்பை வளையத்தின் துவாரத்துக்குள்ளேயே வினையூக்கியாக உட்கார வைத்தார்கள். அச்சின் இரு பாதிகளும் இருபுறமிருந்தும் உள்ளே வந்து, செம்பின் முன்னிலையில் துவாரத்தினுள்ளே ஒட்டிக்கொண்டன. புரோகிதரே வளையத்துக்குள் அமர்ந்து கலியாணம் செய்து வைத்தார் என்னலாம்.

பொன்னின் கதை இதைவிட விசேஷமானது. ஒன்றோடும் சேராத உலோகம் என்று பெயர் வாங்கியது பொன். நம் வீடுகளில் அது கழுத்திலும் பெட்டியிலும் தூங்குகிறது. ரஸாயனிகளும் அதை நெடுங்காலம் தூங்கவிட்டார்கள். ஸௌதாம்டனில் ஸ்டீவ் கோல்டப்பின் குழுவினர் 2015-இல் பொன்னணுவை அச்சில் பொருத்தி வளையத்தை மாட்டிப் பார்த்தபோது, வளையமற்ற அச்சு செய்த வேலையை வளையமுள்ள அச்சு தானாகச் செய்ய மறுத்தது. வளையத்தில் பற்றிக்கொள்ளும்படி வேறோர் உலோக அயனியைச் சேர்த்தபின்தான் பொன் விழித்தது. எந்த அயனியைச் சேர்த்தார்களோ அதைப் பொறுத்து விளைச்சலின் அளவும் உருவமும் மாறின. செம்பு சேர்ந்தபோது பலன் மிக நன்றாக வந்தது. இத்தனைக்கும் அந்தச் செம்பு வினையிலே நேரே கை வைப்பதில்லை. வளையத்தைப் பிடித்து நிறுத்துவதோடு சரி. ஒரே பூட்டுக்குப் பல சாவிகள் என்பதன்று இது. சாவிக்குத் தக்கபடி அறையே மாறுகிறது.

அவர்களே 2020-இல் இன்னும் ஒரு படி போனார்கள். வளையத்துக்கு ஒரு திசை உண்டென்று வையுங்கள், வலம் சுற்றுவதுபோல. அச்சுக்கும் ஒரு திசை, தலை ஒன்று வால் ஒன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டிற்கும் வலக்கை இடக்கை பேதமில்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றில் கோத்தவுடன் அந்தப் பேதம் பிறந்துவிடுகிறது. கோத்ததனால் மாத்திரமே பிறந்த இந்தக் கைத்தன்மையைக் கொண்டு, பொன் வினையூக்கியிடமிருந்து கண்ணாடி நிழல்களிரண்டில் ஒன்றை மிகுதியாகப் பெற்றார்கள். எல்-டோபா விஷயத்தில் நோல்ஸுக்கு வேண்டியிருந்ததும் இப்படிப்பட்ட தேர்வுதானே. அதே ஆண்டு ஹாங்காங் நகரத்து ரஸாயனிகள் கோத்த கண்ணிகளுக்கிடையே செம்பை வைத்து, கரியணுவையும் ஆக்ஸிஜனையும் இணைக்கும் வினையை நடத்திக் காட்டினார்கள். செம்பு மலிவானது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

மிகைப்படுத்துவது பத்திரிகைகளின் குணம். நாமும் அதற்கு விலக்கல்ல. ஆகையால் எதிர்வழக்கையும் நாமே சொல்லிவிடுகிறோம். இவ்வினையூக்கிகள் ஆராய்ச்சிச் சாலையின் கண்ணாடிக் குப்பியை விட்டுப் பெருந்தொழிற்சாலையின் வாயிலை இன்னும் மிதிக்கவில்லை. ஒரு சிட்டிகை செய்யப் பல படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பொருள் விரயம். சாதாரணத் துணைப்பொருளே செய்துவிடக்கூடிய வேலைக்கு வளையத்தைக் கோத்து அலங்காரம் செய்வது வீண் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். அந்தப் பொன் வினையூக்கியால் நாளை பல்லேடியத்தின் விலை குறையும் என்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். ஆனால் வக்கீல் தொழிலிற் பழகிய நமக்கு ஒன்று தெரியும். நில வழக்கில் ஜயிப்பவன் நிலம் விலையேறியபின் பத்திரம் தேடுகிறவனல்லன். தரிசாகக் கிடந்தபொழுதே எல்லைக்கல் நட்டு வைத்தவன்.

எல்லைக்கல் நட இந்நாட்டில் ஆள் இல்லாமலில்லை. பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் 1896-இல் பாதரஸ நைட்ரைட் என்னும் புதுப்பொருளைக் கண்டார். 1901-இல் வங்காள ரஸாயன மருந்துத் தொழிற்சாலையைக் கம்பெனியாக நிறுவினார். பிற்காலத்தில் பிளாட்டினம், பொன் ஆகியவற்றைக் கந்தகமுள்ள கரிமப் பொருள்களோடு சேர்த்து ஆராய்ந்தார். உலோகத்துக்கு வீடு கட்டும் வேலைக்கு இந்நாட்டில் அவரே கால்கோள் செய்தவர். அதே நகரில் மகேந்திரலால் சர்க்கார் ஜனங்களிடம் பணம் திரட்டி 1876-இல் தொடங்கிய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கம் இன்றும் நடக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒரு கணக்கிலாகா உத்தியோகஸ்தர் ஆபீசு நேரம் போகக் கிடைத்த பொழுதில் அங்கே வேலை செய்யத் தொடங்கினார். 1928 பெப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு அங்கேதான் காணப்பட்டது. அந்தச் சங்கத்திலேயே இக்காலத்தில் பிரத்யுத் கோஷும் அவர் மாணாக்கரும் உலோக அயனிகளைக் கொண்டு அச்சில் வளையம் கோக்கிறார்கள். இங்கே, கிண்டிக் காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில், ஜப்பானின் மகோட்டோ பூஜித்தாவுடன் வேலை பழகிய திலீப் குமார் சந்த் பல்லேடியம் அயனிகள் தாமாகவே கூடி அமைக்கும் கூடுகளை ஆராய்ந்து வருகிறார். பூஜித்தாவே 1994-இல், பல்லேடியம் கொண்ட இரு வளையங்கள் நீரில் தாமே ஒன்றினுள் ஒன்று நுழைந்து கண்ணியாவதைக் காட்டியவர்.

ஆள் உண்டு; ஆராய்ச்சிச் சாலையும் உண்டு. அந்தச் சாலையின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே நமது கேள்வி. அதற்காகவே பெரும்பாக்கத்துக்கு வருகிறோம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த இவ்வூரில் இன்று இரண்டு காட்சிகள். ஒன்று, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். அதன் புதிய கட்டடத்தைப் பிரதம மந்திரி 2022 ஜனவரி 12-ந் தேதி திறந்து வைத்தார். மற்றொன்று, கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்காக எழுப்பிய அடுக்கு மாடிகள், ஆயிரக்கணக்கான வீடுகள். அவ்வீட்டுப் பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் தமிழில் படிக்கிறார்கள். 2020-இல் வைத்தியக் கல்விக்கும் 2021-இல் எஞ்சினீயரிங் முதலிய படிப்புகளுக்கும் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்காக நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியது சென்னை சர்க்கார். நல்ல காரியம். ஆனால் இடம் கிடைத்தவன் கல்லூரியில் நுழைந்த முதல் தினமே, தனக்குத் தெரிந்த சக்கரமும் அச்சும் கடையாணியும் லத்தீன் வேஷம் பூண்டு நிற்பதைக் கண்டு திகைக்கிறான். விஷயம் அவனுக்குப் புரியாததன்று. பெயர்தான் அவனை வெளியே நிறுத்துகிறது.

ஆங்கிலமே போதும் என்பார் நம் சகாக்கள். நாமும் ஆங்கிலம் படித்தே பிழைப்பவர்கள். அதைப் பழிக்கப் போவதில்லை. ஆனால் தமிழில் சாட்சி சொல்ல, ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் கோர்ட்டிலே நடுவில் எத்தனை உண்மை நழுவிற்று என்பதை வக்கீல்கள் நன்கு அறிவார்கள்.

தமிழில் ரஸாயனம் எழுதுவது புதிய ஆசையுமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிரீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875-இலேயே வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியும் ஸ்ரீ வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கூட்டினார்கள். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியொன்றை வெளியிட்டது. அடிமை நாளில், கைப்பணத்தைச் செலவிட்டுச் செய்த காரியங்கள் இவை. இன்று சர்க்காரின் அகரமுதலித் திட்ட இயக்ககம் ‘சொற்குவை’ என்ற பெயரில் சொற்களைத் திரட்டி வருகிறது. ஆகவே கருவியில்லை என்றும் சொல்வதற்கில்லை.

பெரும்பாக்கத்து நிறுவனத்தார், தங்கள் எல்லை கி.பி. 600-க்கு முற்பட்ட 41 நூல்கள் என்று சொல்லக்கூடும். சட்டப்படி அது சரியே. ஆனால் அந்த எல்லைக்குள்ளேதான் நமக்கு வேண்டியது கிடக்கிறது. உப்பு வணிகராகிய உமணர், வழியில் முறிந்தால் உதவுமென்று வண்டியின் அடியிற் கட்டிச் செல்லும் சேமவச்சு புறநானூற்றில் வருகிறது. தேருக்கும் வண்டிக்கும், ஆழி, உருளை, ஆரம், குறடு என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். இவற்றையெல்லாம் பொருள்வாரியாகத் தொகுத்து, இன்ன உறுப்புக்கு இன்ன சொல் என்று ஒரு பட்டியல் கொடுப்பது செம்மொழி ஆராய்ச்சிக்கு அந்நியமான வேலையா? அச்சுவளையம், கண்ணிவளையம், கடையாணிக் குமிழ், கோப்புப் பிணைப்பு என்று நமக்குத் தோன்றியவற்றை இங்கே வைக்கிறோம். இவற்றைவிட நல்லவை புலவர்களுக்கும் ரஸாயனிகளுக்கும் தோன்றுமானால் நம்முடையவற்றைக் குப்பையில் எறிந்துவிடலாம். புலவர் மட்டும் கூடினால் சொல் அழகாயிருக்கும், பொருள் தவறிப்போகும். ரஸாயனி மட்டும் கூடினால் நேர்மாறு. இருவரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க இயக்ககத்தாரின் ஒரு கடிதம் போதும். பெரும்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் இடையே கடல் இல்லை.

பாடநூல் கழகத்தாருக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் வந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டு ரஸாயனப் புத்தகத்தில் அணைவுச் சேர்மங்களுக்கு ஓர் அத்தியாயமும், வினையூக்கத்தைக் கூறும் புறப்பரப்பு வேதியியலுக்கு வேறோர் அத்தியாயமும் உண்டு. ஒன்று முதற் பாகத்தில், மற்றொன்று இரண்டாம் பாகத்தில். அணைவிலிருக்கும் உலோகமே ஊக்குகிறது என்பதை மாணவன் தானாகக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. சோவாஜின் செம்பையும் கோல்டப்பின் பொன்னையும் நான்கு பக்கத்தில் எழுதினால் இரண்டு அத்தியாயங்களும் கோத்துக்கொள்ளும். ஆசிரியர் விளக்குவதற்கு இரண்டு கண்ணாடி வளையலும் ஒரு மரக்குச்சியும் இரண்டு மணிகளும் போதும்.

இனி ஐ.ஐ.டி.யாரிடம் கேட்பது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரும்பாக்கத்துச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்து, நிறமற்ற கரைசலில் செம்பு சேர்ந்தவுடன் செந்நிறம் படர்வதையும், செம்பைக் கழற்றினதும் அந்நிறம் மறைவதையும் காட்டுவார்களா? அவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுதின் வேலை. பஸ் செலவை ஏற்பதற்குத் தாம்பரத்திலும் சோழிங்கநல்லூரிலும் கனவான்கள் இருக்கிறார்கள் என்று நாம் நம்புகிறோம். முன்வருவோரின் கடிதங்களை இக்காரியாலயத்தில் பெற்று உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கச் சித்தமாயிருக்கிறோம்.